காரணம் எழுதாத சீட்டு

எங்கள் விழுப்புரம் சபையில் ஸ்தோத்திரச் சீட்டு என்று ஒன்று உண்டு. ஒரு சின்னக் காகிதத்தில் பெயரை எழுதி, அதன் கீழே காரணத்தை எழுதி, காணிக்கையோடு மடித்து ஞாயிற்றுக்கிழமை தட்டில் போட வேண்டும். போதகர் பீடத்துக்கு முன்னால் நின்று ஒவ்வொன்றாக வாசிப்பார். இன்னார் குடும்பத்தார், மகனுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்ததற்காக. இன்னார், களத்துமேட்டில் பாம்புக்குத் தப்பினதற்காக. ஒவ்வொன்றின் முடிவிலும் சபை முழுவதும் "ஸ்தோத்திரம்" என்று சொல்லும்.

எழுதத் தெரியாத பெண்களுக்கு நான்தான் எழுதிக் கொடுப்பேன். பெண்கள் ஐக்கியத்தின் செயலாளர் நான். கையெழுத்து மணி மணியாக இருக்கும் என்று பெயர். வாயும் கொஞ்சம் நீளம். காரணம் சொல்லாமல் யாராவது வந்தால் விடமாட்டேன். "கர்த்தர் இன்னா செஞ்சாருன்னு சொல்லும்மா, அப்பதான் எழுத முடியும்" என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். எங்கள் தெருவில் இட்லி விற்கும் குழந்தையம்மாள் ஒருமுறை தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"ஒண்ணும் இல்லம்மா. சும்மா, அவர நெனச்சா சந்தோசமா இருந்துச்சு."

சும்மா என்பதை எப்படிச் சீட்டில் எழுதுவது? "வியாபாரம் ஆசீர்வதிக்கப்பட்டதற்காக" என்று நானே எழுதிப் போட்டுவிட்டேன். அன்றைக்கு அவரிடம் பாதி இட்லி விற்காமல் மிஞ்சியிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

இப்போது நான் சுகமாகி வந்தவள். சாட்சிக் கூட்டத்தில் பேசச் சொன்னால் ஐந்து நிமிடம் கொடுப்பார்கள். ஐந்து நிமிடத்தில் நோய் வந்து, ஜெபம் ஏறி, சுகம் இறங்கிவிட வேண்டும். என் பதினேழு மாதம் அதற்குள் அடங்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் கடைசியில், என் மகள் கிருபா பிறந்த மூன்றாம் மாதம், எனக்குச் சாயங்காலக் காய்ச்சல் தொடங்கியது. விளக்கு வைக்கும் நேரத்துக்கு உடம்பு சுடும். விடியும்போது வியர்த்து விட்டுப்போகும். பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்றார்கள். இருமலுக்குக் கஷாயம் குடித்தேன். ரவிக்கைகள் தொளதொளவென்று ஆயின. ஒருநாள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே இருமினேன். முந்தானையால் வாயைத் துடைத்தபோது கரைப்பக்கம் இரத்தம் பட்டிருந்தது. அதை மடித்து மறைத்துக்கொண்டு பிள்ளையை அடுத்த பக்கத்துக்கு மாற்றிப் போட்டேன். அவ்வளவு முட்டாளாக இருந்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் சாமுவேல் விழுப்புரம் லோகோ ஷெட்டில் ஃபிட்டர். கையில் எண்ணெய்க் கறை போகாது. பேச்சும் அதிகம் வராது. துவைக்கும் கல்லில் என் சேலையைப் பார்த்துவிட்டார். மறுநாளே லீவு சொல்லிவிட்டு, பிள்ளையையும் என்னையும் பாசஞ்சர் வண்டியில் ஏற்றித் திண்டிவனத்துக்கு அழைத்துப் போனார். ஊருக்கு ஒரு மைல் முன்னால், தண்டவாளத்தை ஒட்டியே ஒரு மிஷன் ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே நெஞ்சுப் படம் எடுக்கும் யந்திரம் இருந்தது.

படம் எடுக்கச் சட்டையில்லாமல் குளிர்ந்த தகட்டின்மேல் மார்பை அழுத்தி நிற்க வேண்டும். மூச்சை இழுத்துப் பிடி என்பார்கள். இழுத்தால் இருமல் வரும். மூன்று முறை முயன்ற பிறகு படம் விழுந்தது. டாக்டரம்மா அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். ஐம்பது வயதிருக்கும், அதட்டிப் பேசுவார், கை மட்டும் மெதுவாக இருக்கும்.

"இது நுரையீரல். இங்கே மேல் பக்கம் வட்டமாகத் தெரியுதா? அது குழி. கிருமி அரித்த இடம். க்ஷயரோகம், டி.பி. என்று சொல்வார்கள். பயப்படாதே, இப்போது மருந்து இருக்கிறது. ஆனால் நாளாகும்."

"எத்தன நாளும்மா? புள்ள பால் குடிக்கிற புள்ள."

"இன்றைக்கு முதல் பால் கிடையாது. நீ அதன் பக்கத்தில் மூச்சு விடக்கூடாது. உன் மூச்சில்தான் கிருமி இருக்கிறது."

பிள்ளை வெளியே வேப்பமரத்தடி பெஞ்சில் அப்பாவின் மடியில் இருந்தது. என்னைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டித் தாவியது. நான் பத்தடி தூரத்தில் நின்றுவிட்டேன். என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். அடுத்த வண்டிக்கு அவர்கள் இருவரும் திரும்பினார்கள், நான் அங்கேயே தங்கினேன். கிருபாவுக்கு அப்போது ஐந்து மாதம்.

முதல் வாரம் எனக்கு நோய் பெரிய காரியமாகத் தெரியவில்லை. பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகிவிட்டது. நர்ஸ் ஒரு பழைய வேட்டியைக் கிழித்து இறுக்கிக் கட்டினார். அடுத்த வார்டில் எந்தக் குழந்தை அழுதாலும் கட்டு நனைந்துவிடும். அந்த ஈரத்தோடு படுத்துக்கொண்டு, ஆண்டவரே, என்னை எதற்காக வேண்டுமானாலும் அடியும், இதற்காக அடிக்காதேயும் என்று அழுதேன்.

பிள்ளையை வளர்க்க என் நாத்தனார் ரெபேக்காள் வந்தார். வீட்டுக்காரரின் அக்கா; கணவரை இழந்தவர், பிள்ளை கிடையாது. செஞ்சிக்குப் பக்கத்தில் வல்லத்தில் மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர். கடிதம் கிடைத்த மறுநாளே தகரப்பெட்டியோடு வந்து இறங்கிவிட்டார். வரும் வழியில் என்னைப் பார்க்க ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தார்.

"வேலைய வுட்டுட்டு வந்துட்டீங்களே அண்ணி?" என்றேன்.

"பள்ளிக்கூடம் எங்க ஓடிப்போவுது? நீ புள்ளயப் பத்தி ரோசன பண்ணாத எஸ்தரு. நல்லா துன்னு. மருந்த துப்பாத."

மருந்தைத் துப்பாமல் இருப்பதுதான் கஷ்டம். காலையில் இடுப்பில் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி. ஒருநாள் இடது பக்கம், ஒருநாள் வலது பக்கம். பிறகு பி.ஏ.எஸ். என்று பொட்டலம் பொட்டலமாக ஒரு பொடி. குடித்தால் வயிறு எரியும், சாப்பாட்டைக் கண்டால் குமட்டும். ஊசி காதுக்குள் இரைச்சலை உண்டாக்கியது. நடந்தால் தரை சாய்ந்தது. வராந்தாவில் மூன்றாவது தூணைப் பிடித்துக்கொண்டால்தான் நிற்க முடியும். மாதம் ஒருமுறை மூன்று நாள் விடியற்காலைக் கோழையைக் கிண்ணத்தில் துப்பிக் கொடுக்க வேண்டும். அதைக் கண்ணாடித் துண்டில் பூசிச் சாயம் போட்டுப் பார்ப்பார்கள். கிருமி இருந்தால் சிவப்புச் சிவப்பாகத் தெரியுமாம். இருந்தால் பாசிட்டிவ், இல்லாவிட்டால் நெகட்டிவ். இல்லை என்ற சொல்லுக்காக வார்டு முழுக்க ஏங்கிக் கிடந்தோம்.

என் பக்கத்துக் கட்டில் அஞ்சலையுடையது. பொம்மையார்பாளையத்து மீன்காரி, குரல் கடற்கரை முழுக்கக் கேட்கும் குரல். நான் எந்நேரமும் வேதப்புத்தகமும் முழங்காலுமாக இருப்பதைப் பார்த்து, "இன்னா எஸ்தரு, ஒங்க சாமிக்குக் காது மந்தமா?" என்று கேட்பாள். அவள் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. சாப்பாட்டுத் தட்டு வந்ததும் ஒரு பருக்கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள், அவ்வளவுதான்.

பிள்ளையை ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் கொண்டுவரக் கூடாது என்பது டாக்டரம்மாவின் கண்டிப்பு. சாமுவேல் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். பேசாத மனிதர்கள் இப்படித்தான் எதையாவது செய்து வைப்பார்கள். மாதம் ஒரு சனிக்கிழமை அக்காவையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு பாசஞ்சரில் இடப்பக்க ஜன்னலில் உட்கார்ந்து வருவார். வண்டி ஆஸ்பத்திரியைத் தாண்டும்போது பிள்ளையை ஜன்னல் ஓரமாகத் தூக்கிப் பிடிப்பார். நான் மூன்றாவது தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். வராந்தாவில் எல்லாப் பெண்களும் ஒரே மாதிரி ஆஸ்பத்திரிச் சேலையில் இருப்போம் என்பதால், அடையாளத்துக்கு என் வெள்ளைத் துண்டை வீசுவேன். டிரைவர் காதர் பாய் கோட்டக்குப்பத்துக்காரர், வீட்டுக்காரருக்குச் சிநேகிதர். அங்கே ரயில்வே கேட் இருந்ததால் விசில் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் அந்தச் சனிக்கிழமைகளில் மட்டும் நீள விசிலுக்குப் பின்னால் குட்டியாக இன்னொன்று சேர்த்துக் கொடுப்பார். அதைக் கேட்டதும் வார்டே வராந்தாவுக்கு ஓடிவரும்.

அவளைப் பார்ப்பது மூச்சு இழுத்து விடும் நேரம். திரும்பும் வண்டியில் இன்னொரு முறை. மற்ற இருபத்தொன்பது நாளும் அதை வைத்துக்கொண்டு வாழ்ந்தேன். முதல் மாதம் அப்பாவின் கைக்குள் சாய்ந்தே இருந்தாள். மூன்றாம் மாதம் உட்காரத் தெரிந்திருந்தது. ஆறாம் மாதம் அவளாகவே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நடக்கத் தொடங்கியதைக் கடிதத்தில்தான் படித்தேன். ஓடும் வண்டியில் நடையைக் காட்ட முடியாது. "தோ, அம்மா பாரு" என்று நாத்தனார் சொல்வது உதட்டசைவில் தெரியும். கிருபா தூணையும் துண்டையும் பார்த்துக் கையை ஆட்டுவாள்.

ஒன்பதாம் மாதம் எனக்கு எல்லாம் கூடிவந்தது போலிருந்தது. காய்ச்சல் நின்றுவிட்டது. எடை ஏறியது. தொடர்ந்து இரண்டு மாதம் கோழையில் கிருமி இல்லை. வரும் திங்கட்கிழமை படம் எடுக்கிறோம், குழி மூடியிருந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டரம்மா சொன்னார். எனக்குள் இருந்த செயலாளர் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

எங்கள் ஜனங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கேட்டதைப் பெற்றுக்கொண்டதாகவே விசுவாசித்து முன்கூட்டியே ஸ்தோத்திரம் சொல்லிவிடுவது. வாங்கும் முன்பே நன்றி சொன்னால் விசுவாசம் பெரியது என்று எண்ணம். நானும் அதைப் பல கூட்டங்களில் சொல்லிக் கொடுத்தவள். அந்தச் சனிக்கிழமை வீட்டுக்காரர் வந்தபோது ஒரு சீட்டை எழுதி மடித்துக் கொடுத்தேன். பெயர், எஸ்தர் சாமுவேல். காரணம், க்ஷயரோகத்திலிருந்து பூரண சுகம் கொடுத்ததற்காக.

"அடுத்த ஞாயிறு நானே வந்து தட்டுல போடுவேன். பத்திரமா வெச்சிக்கினு இருங்க" என்றேன்.

அவர் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்று மாலை நாத்தனார் சட்டையைத் துவைக்க எடுத்தபோது சீட்டைப் பார்த்திருக்கிறார். படித்ததும் அழுதுவிட்டாராம். தம்பி கொடுக்க மறந்துவிட்டான் என்று நினைத்து, மறுநாள் காலை தன் கைக் காணிக்கையையும் வைத்து மடித்துத் தட்டில் போட்டுவிட்டார். போதகர் வாசித்தார். சபையே எழுந்து நின்று ஸ்தோத்திரம் சொன்னதாம். மத்தியானம் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் பெண்கள் கேசரியும் கோழிக்குழம்புமாக வந்து நின்று, "எஸ்தர் எங்க?" என்று கேட்டிருக்கிறார்கள்.

எஸ்தர் மறுநாள் குளிர்ந்த தகட்டின்மேல் மார்பை அழுத்திக்கொண்டு நின்றாள். டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.

"குழி சுருங்கியிருக்கிறது. மூடவில்லை. இப்போது அனுப்பினால் திரும்பத் திறந்துகொள்ளும். காற்று போட்டுப் பார்க்கலாம். இன்னும் ஏழெட்டு மாதம் ஆகலாம்."

அதே திங்கட்கிழமை அஞ்சலைக்கும் படம் எடுத்தார்கள். அவளுக்கு மூடிவிட்டது. முழங்காலில் நின்றவள் நான். வெற்றிலைக்கு ஏங்கிக்கொண்டு கிடந்தவள் அவள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவள் நல்ல செய்தியைச் சொல்ல என் கட்டிலுக்கு வந்தபோது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

காற்று போடுவது என்றால், வயிற்றில் ஊசி குத்தி அதன் வழியாகக் காற்றை ஏற்றுவார்கள். அது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் தசையை மேலே தள்ளும். நுரையீரல் அதிகம் விரியாமல் ஓய்வெடுக்கும். ஓய்வில் புண் ஆறும். காற்று கரையக் கரைய வாராவாரம் மறுபடியும் ஏற்ற வேண்டும். தோள்பட்டையில் ஒரு வலி பிடிக்கும், நிமிரவும் முடியாது குனியவும் முடியாது. வயிறு முன்னால் தள்ளிக்கொண்டது. சீட்டு விவகாரமும் அதற்குள் வார்டுக்குத் தெரிந்துவிட்டது.

"மீன் படகுல ஏறங்காட்டியும் வெல பேசி அட்வான்ஸ் வாங்கிட்டியே எஸ்தரு" என்றாள் அஞ்சலை. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சீ, பைத்தியம், அழுவாத. நான் போய் உனுக்கு வஞ்சிர மீனு குடுத்தனுப்புறேன்" என்று தலையைத் தடவினாள். சொன்னபடியே அனுப்பினாள்.

அவள் போன வாரத்தில் எங்கள் போதகர் வந்தார். பட்டம் பெற்று வந்து ஒரு வருடம்கூட ஆகாத இளைஞர். என்னைக் கண்டால் கொஞ்சம் பயம். வார்டு வாசலிலேயே நின்றுகொண்டு வேதப்புத்தகத்துக்குள்ளிருந்து என் சீட்டை எடுத்தார்.

"அம்மா, கோவிச்சுக்காதீங்க. கமிட்டியில பெரியவங்க வருத்தப்படறாங்க. நடக்காத காரியத்துக்கு ஸ்தோத்திரம் ஏறெடுத்துட்டோம், அது பொய்யாயிடும், சீட்ட எழுதினவங்க கிட்டயே குடுத்துடுங்கன்றாங்க. உங்க நாத்தனாரு வேற ஒரு வாரமா சாப்புடறதில்லையாம்."

நாத்தனார் சாப்பிடவில்லை என்றதும் எனக்கு அடக்க முடியாத கோபம் வந்தது. நாத்தனார்மேல் இல்லை, போதகர்மேலும் இல்லை. மேலே இருக்கிறவர்மேல். காய்ச்சல் அட்டவணையில் கட்டியிருந்த பென்சிலை இழுத்து, சீட்டில் காரணத்தின்மேல் ஒரு கோடு போட்டேன். காகிதம் கிழியும்படி போட்டேன்.

"இந்தாங்க ஐயா. எடுத்துட்டேன். பொய் போயிடுச்சி."

அவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இப்ப பேரு மட்டும்தானம்மா இருக்குது. காரணம் இல்லாம எப்படி வாசிக்கிறது? நீங்களே வாங்க மாட்டீங்களே."

"இல்லாததுக்கு எங்க போவேன்? எனக்குக் காரணம் ஒண்ணும் இல்ல. இஷ்டமிருந்தா வாசிங்க, இல்லன்னா கிழிச்சிப் போடுங்க."

மனிதர் போய்விடுவார் என்று நினைத்தேன். அங்கேயே நின்றார். காது சிவந்திருந்தது. "சபைக்கு முன்னாடி வெச்சத எப்படிம்மா கிழிக்கிறது? வாசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, அதை மறுபடியும் வேதப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தார்.

அடுத்த வாரம் என் வீட்டுக்காரர் அவித்த மல்லாட்டையோடு, அதுதான் வேர்க்கடலையோடு, வந்தார். உரித்துக் கொடுத்துக்கொண்டே சொன்னார்.

"ஐயா வாசிச்சாரு. எஸ்தர் சாமுவேல், கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அவ்ளோதான். எதுக்குன்னு சொல்லுவாருன்னு எல்லாரும் காத்துக்கினு இருந்தாங்க. அவரு அடுத்த சீட்ட எடுத்துட்டாரு. சபையே கம்முனு இருந்துச்சி."

"ஒருத்தரும் சொல்லலியா?"

"இட்லி விக்குதே, அந்தக் குழந்தையம்மா. அது ஒண்ணுதான் பின்னாலேருந்து சத்தமா சொல்லுச்சி."

உரித்துக் கொடுத்ததைக் கீழே வைத்துவிட்டேன். கோபத்தில் கோடு கிழித்த சீட்டு அது. அதை அந்த அம்மாள் என் மெய்யான ஸ்தோத்திரமாக எடுத்துக்கொண்டு ஆமென் போட்டுவிட்டார். அவருடைய மெய்யான ஒன்றை நான் வியாபாரமாக்கி எழுதினேன். வெட்கமாக இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை. வயிற்றில் காற்றோடு, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குட்டி விசில் கேட்டது. நீலச் சட்டையில் கிருபா ஜன்னலில் வந்தாள், கையை ஆட்டினாள், போய்விட்டாள். வண்டியின் புகை வயல்மேல் இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷமாக இருந்தது, உடம்பெல்லாம் வலித்தது. அந்த நேரத்தில்தான் ஒன்று தோன்றியது. இந்தப் பிள்ளை எனக்கு என்ன கொடுத்துவிட்டுப் போகிறாள்? ஒன்றும் இல்லை. அவளால் எனக்குச் சுகமும் இல்லை, உதவியும் இல்லை. என்னை யார் என்றுகூடச் சரியாகத் தெரியாது. அவள் இருக்கிறாள். அதற்காகவே ஒரு மாதம் நான் ஊசி குத்திக்கொள்கிறேன். அவளைப் பார்க்கப் பார்க்க இன்னும் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. ஆண்டவரே, உம்மை நான் ஒரு நாளாவது இப்படிப் பார்த்ததுண்டா?

யோசித்துப் பார்த்தேன். இல்லை. சிறுவயது முதல் நான் செய்த ஜெபமெல்லாம் ஸ்தோத்திரத்தில் தொடங்கி விண்ணப்பத்தில் முடிந்தவை. நேற்றுக் கொடுத்ததற்கு நன்றி என்று சொல்லி, இன்றைக்குக் கையை நீட்டியவை. கேட்பது தவறில்லை, பிள்ளைகள் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அவர் கையைப் பார்த்த அளவுக்கு அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. முன்கூட்டியே எழுதிய அந்தச் சீட்டும் நன்றி இல்லை. நான் சொல்லிவிட்டேன், இனி நீர் செய்தே ஆக வேண்டும் என்று அவரைக் கட்டிப்போடப் பார்த்தது. கர்த்தருக்கே ரசீது எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அன்று முதல் விண்ணப்பம் எதுவும் சேர்க்காமல் சற்று நேரம் அவரை மட்டும் துதித்துப் பார்க்கத் தொடங்கினேன். சொன்னால் சிரிப்பீர்கள், இரண்டு நிமிடத்துக்குமேல் முடியவில்லை. நீர் நல்லவர், நீர் இருக்கிறீர் என்று சொல்வதற்குள், அதனால் என்னை வீட்டுக்கு அனுப்பும் என்று வாய் தானாகப் போய்விடும். வயிற்றில் காற்று ஏற்றும் வியாழக்கிழமைகளில் அந்த இரண்டு நிமிடமும் வராது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பேன். ஆனால் சில நாட்களில், தூணைப் பிடித்துக்கொண்டு வெறும் தண்டவாளத்தைப் பார்த்து நிற்கும்போது, பிள்ளைக்காக ஏங்கும் அதே இடத்தில் அவருக்காகவும் ஒரு ஏக்கம் வரும். பிள்ளையை நினைத்தால் எப்படி வலிக்குமோ அப்படியே வலிக்கும். அந்த வலியை விட்டுவிட எனக்கு மனம் இருக்காது. குழந்தையம்மாளின் சும்மா இதுதானோ என்று நினைத்துக்கொள்வேன்.

பதினேழாம் மாதம் எடுத்த படத்தில் குழி இல்லை. பென்சில் கோடு போல ஒரு தழும்பு மட்டும் இருந்தது. டாக்டரம்மா, "போ, உன் பிள்ளையைத் தூக்கிக்கொள்" என்றார். அதை அதட்டித்தான் சொன்னார். நர்ஸ் என் துணிகளையெல்லாம் கொதிநீரில் போட்டு எடுத்து, வெயிலில் மொறமொறவென்று காய வைத்து மூட்டை கட்டிக் கொடுத்தார். வெள்ளைத் துண்டு மேலாக இருந்தது.

திண்டிவனம் ஸ்டேஷனில் மூவரும் காத்திருந்தார்கள். கிருபாவுக்கு ஒரு வயது பத்து மாதம். பாவாடை கட்டியிருந்தாள். பதினேழு மாதமாக நான் மனத்தில் ஓட்டிப் பார்த்த காட்சியில் அவள் ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொள்வாள். நான் கையை நீட்டினேன். அவள் நாத்தனாரின் சேலைக்குப் பின்னால் போய் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"கிருபா, அம்மாடி, அம்மா வந்துட்டாங்க பாரு" என்று நாத்தனார் அவளை முன்னால் தள்ளினார். அவள் வீறிட்டு அழுதாள். "அத்தே, அத்தே" என்று அவர் காலைக் கட்டிக்கொண்டாள். நாத்தனாரின் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. பிள்ளைக்கு என்னைத்தான் அம்மா என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். தன்னை அப்படி அழைக்க ஒருநாளும் விட்டதில்லை. தூக்கி வளர்த்த கைகள் என்ன செய்வது என்று தெரியாமல் தொங்கிக்கொண்டிருந்தன.

"வுடுங்க அண்ணி. நீங்களே தூக்கிக்குங்க" என்றேன்.

வண்டியில் ஏறி உட்கார்ந்தோம். எதிர் இருக்கையில் நாத்தனாரும் அவர் மடியில் கிருபாவும். நான் ஜன்னலோரம். வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தையும் பென்சிலையும் எடுத்து என்னிடம் கொடுத்தார்.

"ஞாயித்துக்கிழமைக்குச் சீட்டு எழுதிடு. இப்பதான் காரணம் கீதே."

காகிதத்தை மடியில் வைத்துப் பெயரை எழுதினேன். அதன் கீழே பென்சிலைக் கொண்டுபோனேன். பூரண சுகம் என்று எழுதலாம். இந்த முறை பொய்யில்லை. அந்தச் சுகத்துக்காக நான் நன்றியுள்ளவள்தான். ஆனால் எதிரே என் பிள்ளை என்னைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். கண்ணீர் எழுத்தை மறைத்தது.

அப்போது காதர் பாய் விசில் கொடுத்தார். நீளமாக ஒன்று. பின்னால் குட்டியாக ஒன்று.

கிருபா நாத்தனாரின் மடியிலிருந்து சரேலென்று இறங்கினாள். யாரும் சொல்லாமலே என் பக்கத்து ஜன்னலுக்கு வந்து, என் முழங்காலில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆஸ்பத்திரி வந்தது. மூன்றாவது தூண் வந்தது. "அம்மா, அம்மா" என்று தூணைப் பார்த்துக் கையை ஆட்டினாள். தூணுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. வேறு தூண்களில் இருந்த பெண்கள் கையை ஆட்டினார்கள். அவள் தேடினாள். வராந்தா போய்விட்டது.

திரும்பி நாத்தனாரைப் பார்த்து, "அம்மா இல்ல" என்றாள். உதடு பிதுங்கியது.

நான் மூட்டையைப் பிரித்து வெள்ளைத் துண்டை எடுத்தேன். வராந்தாவில் வீசுவேனே, அதே மாதிரி தலைக்குமேல் தூக்கி ஒருமுறை வீசினேன். கிருபா துண்டைப் பார்த்தாள். துண்டிலிருந்து கைக்கு வந்தாள், கையிலிருந்து முகத்துக்கு வந்தாள். வெகுநேரம் பார்த்தாள். கழுத்தைக் கட்டிக்கொள்ளவில்லை. துண்டின் ஒரு முனையை எட்டிப் பிடித்துக்கொண்டு என் மடியிலேயே உட்கார்ந்தாள்.

நாத்தனார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். வீட்டுக்காரர் கீழே குனிந்து, உருண்டுபோன பென்சிலை எடுத்து என்னிடம் நீட்டினார். "எழுது" என்றார்.

எழுத ஒரு கை வேண்டும். என்னுடைய ஒரு கை பிள்ளையின் முதுகில் இருந்தது, மற்றது துண்டின் மறுமுனையில் இருந்தது. இரண்டையும் விழுப்புரம் வரும்வரை நான் எடுக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை சீட்டு அப்படியே பெயர் மட்டுமாகத் தட்டில் விழுந்தது.